மூடாமல் விட்ட ஸோன்

தீவுப்பக்கத்துக் கரம்பொன்னிலிருந்து யாழ்ப்பாணம் டவுனுக்குப் பஸ் ஏறி வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு வயது இரட்டிப்பாக ஓடும். ஜெனீற்றாவுக்கு நாற்பத்தொன்று. பதினொரு வருடமாகப் போய்வருகிறாள். தகப்பன் சில்வெஸ்ரர் நாரிப்பிடிப்பால் கடலுக்குப் போகாமல் விட்டபிறகு, வீட்டில் உலை வைப்பது அவளுடைய உழைப்பில்தான்.

என்ன வேலை என்று ஊரில் கேட்டால் "கொம்பியூட்டர்" என்று முடித்துவிடுவாள். விளக்கப்போனால் வாய்தான் நோகும். அது ஒரு தனியார் ஸ்கான் நிலையம். அங்கே ஏழெட்டு சேர்வர்கள், அவற்றுக்கெல்லாம் பொதுவாகப் பெரிய டிஸ்க் பெட்டி ஒன்று, இடையில் இரண்டையும் இணைக்கிற ஒரு சுவிட்ச். எந்தச் சேர்வர் எந்த டிஸ்க்கைக் காணலாம், எதைக் காணவே கூடாது என்று அந்தச் சுவிட்சில் பிரித்து வைப்பதற்குப் பெயர் ஸோனிங். கண்ணில் படாத டிஸ்க்கை எந்தச் சேர்வரும் பழுதாக்க முடியாது. கேட்க இலேசுதான், பதினொரு வருடம் பிழைவிடாமல் செய்துபாருங்கள் பார்ப்போம்!

அந்தச் செவ்வாய்க்கிழமை புதிய சேர்வர் ஒன்று வந்தது. நோயாளிகளின் படங்களைப் பிரதி எடுப்பதற்காகப் பழைய டிஸ்க்கை அதற்கும் காட்டி, தற்காலிகமாக ஒரு ஸோன் போட்டாள். பிரதி முடிந்ததும் மூடிவிட வேண்டும். பிரதியோ ஆமை வேகம். ஆறரைக்குத் தீவுக்குக் கடைசி பஸ். தீவார் எல்லாருக்கும் உள்ள வியாதி இது: ஆண்டவருடைய வேலையானாலும், கடைசி பஸ்ஸுக்குக் கால்மணி இருக்கும்போது கை தானாக நின்றுவிடும். காலமை வந்து மூடுவம் என்று கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் பஸ் பிந்தியது. அதற்குள் மூன்று மாதத்துக்கு முன் சேர்ந்த நிலாந்தினி புதிய சேர்வரைத் திறந்திருந்தாள். தெரியாத டிஸ்க் ஒன்று நிற்கிறது, பாவனைக்குத் தயார்ப்படுத்தவா என்று அது கேட்டது. புது டிஸ்க்காக்கும் என்று அவளும் ஓம் என்று அமத்திவிட்டாள். பிரதி பாதியில் நிற்க, பழைய டிஸ்க்கில் இருந்ததெல்லாம் அழிந்துபோனது. சனிக்கிழமை வரைக்குமான படங்களுக்கு வேறு பிரதி இருந்தது. திங்களும் செவ்வாயும் எடுத்தவை போயே போய்விட்டன.

மனேஜர் சதீசன் ஜெனீற்றாவை அறைக்குள் கூப்பிட்டார். "கண்டபடி அமத்திற ஆளை வைச்சிருக்க ஏலாது. நிலாந்தினியை நாளையிலயிருந்து நிக்கச் சொல்லப்போறன். நீர் என்ன சொல்லுறீர்?"

ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஸோன் பட்டியலை வாசிக்கத் தெரிந்த ஆள் அங்கே அவள் ஒருத்திதான். மேசைக்குப் போய் ஒரு வரியை அழித்துவிட்டால், ஒரு குருவிக்கும் தெரியவராது. ஆனால் பொய்யைச் சொன்னால் அதையும் நாள்தோறும் காவித் திரிய வேண்டும். ஏற்கெனவே காவுகிறதே அவளுக்குப் போதும் போதும் என்றிருந்தது.

"அவவில பிழையில்லை, சேர். அந்த டிஸ்க் அவவின்ர கண்ணில பட்டிருக்கவே கூடாது. நான்தான் ஸோனை மூடாமல் பஸ்ஸுக்கு ஓடினனான்."

சதீசன் பேனையை மேசையில் வைத்தார். "பதினொரு வருஷம், ஜெனீற்றா! நீரே இப்பிடிச் செய்யலாமோ?"

அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் சுவிட்சின் கடவுச்சொல்லை மாற்றி, இனி நீர் பழகும் என்று நிலாந்தினியிடம் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கும்போது ஜெனீற்றாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் அழுதாள். "விடும் பிள்ளை, முகத்தைக் கழுவிப்போட்டு வேலையைப் பாரும்," என்றாள் ஜெனீற்றா. தனக்கும் அழுகை வருமென்று பார்த்தாள். கொட்டாவிதான் வந்தது.

அவளுக்கு இப்போது கொடுத்த வேலை, படம் அழிந்துபோன ஆட்களுக்குத் தொலைபேசி எடுப்பது. பட்டியலில் முதல் பெயர் நெடுந்தீவுப் பத்திநாதர்.

"ஐயா, நீங்கள் திரும்ப ஒருக்கா வந்து ஸ்கான் எடுக்கவேணும்."

"மாதாவே! அண்டைக்கே படகில சத்தி எடுத்துச் செத்துப்போனன். ஆற்ற பிழை பிள்ளை இது?"

"என்ர பிழைதான், ஐயா."

அந்தப் பக்கம் பெருமூச்சு ஒன்று கேட்டது. "சரி, வாறன்."

பட்டியலில் இன்னும் அறுபத்திரண்டு பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் அதே கேள்வியைக் கேட்டார்கள்.