பெட்டியில்லாத ஹார்டு டிஸ்க்

பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு சட்டை கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன். ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. என் மனைவி பத்தாவதும் டைப்பும் முடித்தவள். சிவாஜிநகரில் ஒரு பிரஸ்ஸுக்கு வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்தாள். எங்கள் பழைய கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் போனதும், புதிது வாங்க, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன்.

மாடியில் சின்னக் கடை. என் வயதுள்ள ஓர் அம்மா நடத்தினார். நாலு பேர் நின்றால் எனக்குப் பேச வராது. படம் போட்ட பெட்டி ஒன்றை விரலால் காட்டினேன்.

“பாக்ஸ் வேணுமா, டிஸ்க் வேணுமா அண்ணா?” என்றவர், வெள்ளி நிறக் கவரில் இருந்த ஒன்றை எடுத்து வைத்தார். “ரெண்டும் ஒரே சரக்குதான். பாக்ஸ்ல வயரு, ஸ்க்ரூ, புக்கு எல்லாம் வரும். கம்பெனியே மூணு வருஷம் பாத்துக்கும். இது கம்ப்யூட்டர் பண்றவங்களுக்கு மொத்தமா வர்றது, ஓ.இ.எம். இதுக்கு ஒரு வருஷம், நான்தான் கேரண்டி. வயரு பழசே இருக்குதுல்ல? அப்புறம் அட்டைக்கு எதுக்குக் காசு?”

எனக்கு உடனே புரிந்தது. ஒரே சட்டையை ஓர் ஆர்டருக்குப் படம் போட்ட பெட்டியிலும் இன்னொன்றுக்கு வெறும் கவரிலும் வைக்கிறவன் நான். விலை கூடியதை நான் கேட்டும் அவர் விற்கவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது. கவரில் இருந்ததையே வாங்கினேன். தேதியும் கையெழுத்தும் போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒன்றை அவர் டிஸ்க்கின் மேல் ஒட்டினார்.

வீட்டில் கவரைப் பிரித்ததும் என் கை தானாக ஸ்டிக்கருக்குப் போனது. கம்பெனியில் செக்கிங் பெண்கள் குறையுள்ள இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். குறையைச் சரிசெய்த பிறகு, அதை எடுத்துவிட்டுத்தான் நாங்கள் பேக் பண்ண வேண்டும். ஒன்று தங்கினாலும் பெட்டியே திரும்பி வரும். நகத்தால் கிழியாமல் எடுத்து, துணியால் துடைத்து மனைவியிடம் கொடுத்தேன். அவள் மாட்டினாள்.

மூன்றாம் மாதம் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டு நின்றது. நல்ல முகூர்த்த சமயம். “நாளன்னிக்குள்ள வரலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேம்மா” என்று பிரஸ்காரர் சொல்லிவிட்டார். அடித்ததெல்லாம் ஃபிளாப்பியில் பத்திரமாக இருந்தது. மேலே வேலை செய்ய டிஸ்க் இல்லை.

கடையில் அந்த அம்மா டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஸ்டிக்கர் எங்க அண்ணா?”

“நான்தான் எடுத்தேன்.”

“யாக்கே? எதுக்கு?”

தட்டுத் தடுமாறிச் சொன்னேன். பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். “ஸ்டிக்கர் இல்லேன்னா கேரண்டி இல்லேன்னு போர்டே மாட்டியிருக்கீங்களேக்கா!”

“ஏமாத்த வர்றவன் ஸ்டிக்கரை வேற டிஸ்க்ல ஒட்டிக்கிட்டு வருவான். இவரு தொடச்சு வேற கொண்டாந்திருக்காரு” என்று சொல்லி அந்த அம்மா ஒரு தடித்த நோட்டை எடுத்தார். பெட்டியில்லாமல் விற்ற ஒவ்வொரு டிஸ்க்கின் நம்பரையும் அதில் தன் கையால் எழுதி வைத்திருந்தார். டிஸ்க்கில் கம்பெனி அச்சடித்த நம்பரோடு ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். என்னுடையது இருந்தது.

வேறு டிஸ்க் கொடுத்தார். புது ஸ்டிக்கரின் மேல் செலோடேப்பை இரண்டு சுற்று சுற்றினார்.

“இப்ப எடுங்க பாக்கலாம்.”

வீட்டில், “நீங்க தொடவே வேணாம்” என்று சொல்லி என் மனைவியே அதைக் கவரிலிருந்து எடுத்து மாட்டினாள். மறுநாள் மதியம் பத்திரிகைகள் பிரஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்தன.