கொரில்லாவைப் பார்க்காதவன் விற்ற பயணம்

எண்பத்தாறில், ரொறன்ரோவில் நான் வேலை செய்த ஒரு பயண ஏற்பாட்டுக் கடையை விட்டு வெளியேறி நடந்துகொண்டிருந்தேன். முதலாளி வாசலில் நின்று கத்தினார்: "போடா! உனக்கு ஆர் வேலை தாறான் எண்டு பாக்கிறன்!"

அந்த மனிதர் ஆபிரிக்காவில் கொரில்லா பார்க்க மலிவான, கவலையில்லாத பயணம் விற்றார். தன் வீட்டுப் பூனையைக்கூடச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார். ஆபிரிக்கா வழியாகக் கனடா வந்தவன் என்பதால் என்னை வைத்து விற்றார். நானும் வெட்கமின்றி விற்றேன்.

அன்று வந்த அன்ரி ஊரில் விலங்கியல் படிப்பித்தவர். முழங்கால் வலிக்குப் பட்டி கட்டியிருந்தார்.

"தம்பி, மலை ஏறவேணுமோ?"

"இல்லை அன்ரி, றோட்டிலேயே நிக்கும். பாஸ்போட்டைத் தாங்கோ, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நைரோபியில் என் பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு, என்னை ஓர் அறையில் பூட்டிவிட்டு மறைந்த, கனடாவுக்கு அனுப்புவதாகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரனும் இதையேதான் சொன்னான்.

அவர் நீட்டிய பாஸ்போட்டைத் திருப்பிக் கொடுத்தேன். "நான் கொரில்லாவே பாக்கேல்லை அன்ரி. மணிக்கணக்காய் மலை ஏறவேணும்."

"பாக்காமலே வித்தனீரோ!" என்று சிரித்தார். "சரி, ஏறிப் பழகிப்போட்டு வாறன்."

உண்மை அவரைத் தடுக்கவில்லை. பொய் எனக்கும் முதலாளிக்கும்தான் தேவைப்பட்டிருக்கிறது. அன்றே வேலையை விட்டேன்.

அடுத்த நாள் காலை மிசிசாகாவில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.