மேலுதடு

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பதால் அந்த இல்லத்தில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரிகள் கைவிரித்தவர்கள் வந்து படுக்கும் இல்லம் அது. டாக்டரும் நர்சுகளும் பார்ப்பது போக மீதி வேலைகள் சமையல்கார அக்கா, துணி துவைப்பவர்கள், தரை துடைப்பவர்கள், சம்பளம் இல்லாமல் வந்துபோகும் சிலர் தலையில் விழும். டிரைவர் கடைசி வகை. ஆண்களுக்கு முகச்சவரம் செய்துவிடுவார்.

சேவை செய்யவேண்டும் என்று கிளம்பி வந்தவர் அல்ல. ஓய்வுக்குப் பிறகு வீட்டில் அவர் எங்கே உட்கார்ந்தாலும் அது மருமகள் அப்போதே பெருக்கவேண்டிய இடமாக இருந்தது. பக்கவாதத்தில் கிடந்த அண்ணனுக்குச் சாகும்வரை சவரம் செய்துவிட்ட பழக்கம் கையில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தார். பஸ் ஓட்டிய காலத்தில் ஒருவரும் அவரைப் பாராட்டியதில்லை. பிரேக் போட்டால் திட்டுவார்கள், அவ்வளவுதான். இங்கே ஒரு தாடையை வழித்துத் துண்டால் ஒற்றியெடுத்தால் சொந்தக்காரர்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ருசி அவருக்குப் பிடித்துவிட்டது.

அன்று காலை ஜன்னலோரக் கட்டிலில் வாத்தியாருக்கு நுரை தடவிக்கொண்டிருந்தார். வாத்தியாருக்குத் தொண்டையில் நோய். குரல் போய்விட்டது. மேலுதடு தெரியாமல் மூடிய அடர்ந்த மீசை மட்டும் பழைய மனிதரின் மிச்சமாக இருந்தது. சமையல்கார அக்கா வாசலில் வந்து நின்றார்.

"என்ன டிரைவர், ரோடு எப்படி?"

"ஒரே மேடு பள்ளம்."

"பார்த்து ஓட்டுங்க. பாசஞ்சர் முழிச்சிட்டுத்தான் இருக்காரு."

"நான் ஓட்டின பஸ்ல எவன் முழிச்சிருந்தான்?" என்று சிரித்தபடி டிரைவர் திரும்பினார். ரேசர் பிடித்த கை திரும்பாமல் மேலே போய்விட்டது. மீசையின் ஒரு ஓரம் காணோம்.

அக்கா பார்ப்பதற்குள் மறு ஓரத்தைச் சமன் செய்தார். அது கூடிப்போயிற்று. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று பார்த்ததில் கடைசியில் மூக்குக்குக் கீழே ஒரு துணுக்குதான் நின்றது. போர்வைக்குள்ளிருந்து வாத்தியாரின் கை எழுந்து வாயை நோக்கி வந்தது.

"அசையாதீங்க சார், வெட்டிரும்" என்று அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் திருப்பி வைத்துவிட்டு, மிச்சத்தையும் வழித்தார்.

நுரையைத் துடைத்தபோது தெரிந்தது. மூக்கிலிருந்து உதடுவரை ஒரு பழைய தையல். பிறவியிலேயே பிளந்திருந்த உதட்டை யாரோ அவசரமாகச் சேர்த்திருந்தார்கள். ஒரு பக்கம் மேலே இழுத்து, பல் தெரிந்தது. வாத்தியார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேற்பார்வை பார்க்கும் அம்மா அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். "மீசை எங்க?"

"குடிக்கிறதெல்லாம் ஒட்டிக்குது மேடம். அதான் சுத்தமா எடுத்துட்டேன்."

"நல்லதா போச்சு. நமக்குத் தோணலையே."

வாத்தியாருக்குக் குரல்தான் இல்லை. காது நன்றாகக் கேட்கும். டிரைவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அன்று வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்து, சாப்பிடாமலே எழுந்தார். மருமகள்கூட அந்த இடத்தை உடனே பெருக்க வரவில்லை.

மறுநாள் அவர் முறை இல்லை. இருந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வராந்தா பெஞ்சில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் டம்ளரோடு நின்றார். வாத்தியாரின் மகள், வெளியூரிலிருந்து காலையில்தான் வந்தாளாம்.

"போன மாசமே வரச் சொன்னாருக்கா. லீவு இல்லைன்னேன். இப்ப என் முகத்தையே பார்க்க மாட்டேங்கிறாரு. போர்வையைக் கண்ணு வரைக்கும் இழுத்துக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டாரு. அவ்வளவு கோபமா?"

டிரைவர் உள்ளே போய்க் குனிந்தார். "சார், கோபம்னு நினைச்சு உங்க பொண்ணு அழுவுது. மீசையை நான் எடுத்ததை மட்டும் சொல்லிடறேன். வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

போர்வைக்கு மேலே தெரிந்த தலை, வேண்டாம் என்று ஆடியது. மறுபடியும் ஆடியது.

டிரைவர் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். இந்த வாரம் தாண்டாது என்று நர்சு சொல்லியிருந்தாள். இந்தப் பெண் அழுதபடியே ஊருக்குத் திரும்பி, மிச்ச ஆயுளுக்கும் அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். அவர் வெளியே வந்தார்.

"அம்மா, உங்க மேல கோபமில்ல. நேத்து நான் அவர் மீசையை எடுத்துட்டேன். அந்த வெட்கத்துலதான் மூடிக்கிறாரு."

அவள் அழுகையை நிறுத்தினாள். "யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"கேக்கலம்மா."

"ஒட்டிக்குதுன்னு…" என்று அக்கா பரிந்துகொண்டு வந்தார்.

"அது பொய்க்கா. கை தவறிடுச்சு. மறைக்கப் பார்த்து முழுசும் வழிச்சிட்டேன்." அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை. "அவரு கையால தடுத்தாரு. நான்தான் கையை எடுத்து உள்ள வெச்சேன்."

மகள் அவரையே பார்த்தாள். "அப்ப உதட்டைப் பார்த்துட்டீங்க."

டிரைவர் தரையைப் பார்த்தார்.

"அம்மா என்கிட்ட சின்ன வயசுலயே சொல்லிட்டாங்க. எனக்குத் தெரியும்னு அப்பாவுக்குத் தெரியாது. ஸ்கூல்ல பசங்க அவர் மீசையைப் பார்த்துப் புதர்னு பேரு வெச்சாங்க. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அந்தப் பேரு அவருக்கு எவ்வளவு நிம்மதின்னு எங்களுக்குத்தான் தெரியும்." முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இனிமே நீங்க அவர்கிட்ட வராதீங்க."

மகள் உள்ளே போனாள். கதவு திறந்தே இருந்தது. அவள் போர்வையைத் தொடவில்லை. முதுகுப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, லீவு கொடுக்காத மேனேஜரைத் திட்டத் தொடங்கினாள். நெடுநேரம் கழித்து ஒரு கை பின்பக்கமாக வந்தது. அவள் பிடித்துக்கொண்டாள். மறு கை போர்வை ஓரத்தை விடவில்லை. தலை மெல்லத் திரும்பியது. கண்கள் மகளைத் தாண்டி, வாசலில் நின்றவரிடம் வந்து நின்றன. டிரைவர் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார்.

"விடுங்க டிரைவர்" என்றார் அக்கா. "முடிதானே. வளந்துடும்."

"அதுக்கு நாள் வேணுமே, அக்கா."

பையை எடுத்துக்கொண்டு அவர் நடந்தபோது பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. "அந்த வண்டி இந்த ஸ்டாப்புல நிக்காதா?" புதிதாக வந்திருந்த பெயின்டர் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"இன்னிக்கு என் கை சரியில்லீங்க. நாளைக்கு வரேன்."

"உங்க கை நாளைக்குச் சரியாயிடும். நான் இருக்கணுமே. வாங்க."

டிரைவர் உள்ளே போனார். கன்னங்களையும் தாடையையும் வழித்தார். பெயின்டருக்கு மீசை கிடையாது. உதட்டுக்கு மேலே சில நாள் முள்தான். அங்கே வந்ததும் டிரைவர் நிறுத்திவிட்டார்.

"என்ன, டீசல் தீந்துடுச்சா?"

டிரைவர் ரேசரைப் பெயின்டரின் விரல்களில் பொருத்தி, நடுங்கும் அந்த மணிக்கட்டைக் கீழிருந்து தாங்கிக்கொண்டார்.