இரண்டு பட்டியலில் ஒரு பெயர்

நகராட்சித் தேர்தல் வரப்போகிறது என்று அறிவித்த வாரமே எனக்கு ஆணை வந்துவிட்டது. பள்ளி விட்டதும் குருசுக்குப்பத்தில் எனக்கு ஒதுக்கிய தெருக்களுக்குப் போய், வரைவு வாக்காளர் பட்டியலில் உள்ளவர்கள் அந்தந்த வீட்டில்தான் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இறந்தவர்களையும், வீடு மாறியவர்களையும், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர்களையும் குறித்துத் தர வேண்டும்.

எங்கள் ஊரில் உள்ளாட்சித் தேர்தல் வருகிறது வருகிறது என்று சொல்லி வராமலே போன கதை எல்லோருக்கும் தெரியும். கையில் தாள் கட்டோடு என்னைப் பார்த்ததும் தெருக்காரர்கள் சிரித்தார்கள். "இந்தத் தடவயாவது நடக்குமா டீச்சர்?"

எனக்கும் தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் காலையில் ஒரு சுற்றறிக்கை வரும். மதியம் அதை மாற்றி இன்னொன்று வரும். கரும்பலகையில் கணக்கு எழுதும்போதே போன் அதிரும், பாதியில் விட்டுவிட்டுப் பார்ப்பேன். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் விட்டுப்போன கதவு எண் ஏதாவது நினைவுக்கு வந்து எழுந்துவிடுவேன்.

மூன்றாம் நாள் போன வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும் இருந்தார்கள். மருமகள் கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்ப்பவர், அப்போதுதான் வந்திருந்தார். பட்டியலில் மூன்று பெயர். மூன்றாவது அவருடைய கணவர். வேலை பார்த்த மில் மூடிய பிறகு சரியான வேலை கிடைக்காமல், எட்டு வருடம் முன்பு ஒரு காலையில் கிளம்பிப் போனவர் திரும்பவில்லை என்று தெருவில் முன்பே சொல்லியிருந்தார்கள்.

நான் பெயரைப் படித்து முடிப்பதற்குள் மருமகள், "அடிச்சுடுங்க டீச்சர்" என்றார்.

உள்ளே மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்து வந்தார். "எதுக்கு அடிக்கணும்? எம் புள்ள என்ன செத்தா போயிட்டான்?"

"இங்க இல்லல்ல அத்த?"

"இன்னிக்கி இல்ல. நாளைக்கி வந்து நின்னான்னா? டீச்சரம்மா, நீ அத அப்பிடியே வுட்டுடு."

இருவரும் என் பேனாவையே பார்த்தார்கள். பென்சிலை எடுத்து ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அந்த வாரக் கடைசியில் எல்லாப் பகுதிக்காரர்களையும் கூட்டி ஒரு பயிற்சி நடத்தினார்கள். ஒரே பெயரும் ஒரே தகப்பனார் பெயரும் இரண்டு இடத்தில் வருவதை அச்சிட்டுக் கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்த தாளில் அந்த மருமகளின் கணவர் பெயர் இருந்தது. நேர் எதிரே தவளக்குப்பத்து முகவரி ஒன்று. அதிலிருந்த புகைப்படத்தில், என் பட்டியலில் இருந்த படத்தைவிடக் கொஞ்சம் பெருத்திருந்தார், மீசை இல்லை. ஆனால் அவரேதான்.

தவளக்குப்பத்துப் பட்டியலைப் பார்ப்பவர் எனக்கு முன்வரிசையில் இருந்த ஆசிரியை. தாளைக் காட்டிக் கேட்டேன்.

"இவரா? டைல்ஸ் போடுறவரு. நல்ல மனுஷன். உள்ள கூப்புட்டு டீ குடுத்தாங்க. ரெண்டாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு இருக்குது" என்றார்.

அதன் பிறகு பயிற்சியில் சொன்னது ஒன்றும் என் மண்டையில் ஏறவில்லை. பெயரை நீக்கினால் காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணத்தோடு ஓர் அறிவிப்பை வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூட எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள்.

மறுநாள் விடுதியின் பின்வாசலில் போய் நின்றேன். மருமகள் வேலை முடிந்து வந்ததும், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "தவளக்குப்பத்துல..." என்றேன்.

"தெரியும் டீச்சர்" என்றார்.

மூன்று வருடம் முன்பு கடலூர் பஸ்ஸில் போகும்போது பார்த்தாராம். தவளக்குப்பம் மார்க்கெட் முனையில் பஸ் நின்றிருக்கிறது. கீழே கணவர் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார், தோளில் ஒரு குழந்தை.

"எறங்கலாம்னு எழுந்தேன் டீச்சர். அதுக்குள்ள பஸ்ஸ எடுத்துட்டான். உக்காரவும் தோணல. கடலூர் வரைக்கும் நின்னுக்கிட்டேதான் போனேன்."

"அத்தைகிட்ட?"

"சொல்லல. காணாம போயிட்டான்னா அவங்களுக்கு அது ஒரு மாதிரி. அர மணி நேரத்துல வர்ற தூரத்துல இருந்துக்கிட்டு வரலன்னா எப்பிடித் தாங்குவாங்க? நீங்க எடத்த மட்டும் எழுதாதீங்க."

'குடிபெயர்ந்தவர்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். பொய்யில்லைதான். ஆனாலும் கையெழுத்துப் போட்ட பிறகு அந்தத் தாளை மூன்று முறை எடுத்துப் பார்த்தேன்.

அறிவிப்பு ஒட்டிய அன்றே மாமியார் ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டார். நகராட்சியை அவர் இன்னும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெயரில் 'மேரி' என்றுதான் சொல்வார். "மேரிக்கே போயி கேக்குறேன்" என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தார். விசாரணை நாளில் மருமகள் லீவு போட்டுக் கூட வந்தார். அதிகாரிக்கு முன்னால் மூன்று நாற்காலி, நடுவில் மாமியார்.

"என்ன டீச்சர், வெரிஃபை பண்ணீங்களா?" என்றார் அதிகாரி.

நான் வாய் திறக்கும் முன்பே மாமியார் என் பக்கம் திரும்பினார். "எடம் கிடம் எனக்கு வேணாம். உசுரோட இருக்கானா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. "இருக்கார் பெரியம்மா" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தார். மருமகள் தலை குனிந்திருந்தார்.

"உனுக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்த."

"எத்தினி நாளா?"

"மூணு வருஷமா."

மாமியார் மேசை மேலிருந்த தன் ஆட்சேபணைத் தாளை எடுத்து நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அம்மா, அது ஆபீஸ் காப்பி" என்றார் அதிகாரி. மாமியார் காதில் அது விழவில்லை. முன்னால் அவர் நடக்க, நாலடி தள்ளி மருமகள் போனார்.

அடுத்த வாரம் ஏதோ வழக்கில் தடை வந்து தேர்தல் நின்றுவிட்டது. திருத்தங்கள் ஒன்றும் ஏற்றப்படவில்லை. அந்தப் பெயர் இரண்டு பட்டியலிலும் அப்படியே இருந்தது. நடக்காத தேர்தலுக்காகவா அந்த அம்மாவின் முன் அந்த வார்த்தையைச் சொன்னேன் என்று கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து மருமகளை ரேஷன் கடை வாசலில் பார்த்தேன்.

"அத்த பேசுறாங்களா?"

"பேசுறாங்க டீச்சர். ஆனா கோவமெல்லாம் அவர் மேல இல்ல, என் மேலதான். மூணு வருஷம் ஒண்ணா ஒக்காந்து சாப்ட்டுட்டு ஒரு வார்த்த சொல்லலியேன்னு." பையைக் கை மாற்றிக்கொண்டார். "அன்னிக்கி ராத்திரி எடத்த மட்டும் கேட்டாங்க, சொன்னேன். போன ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல பூச முடிஞ்சதும் தனியா கடலூர் பஸ் ஏறிப் போனாங்க. சாயங்காலம்தான் வந்தாங்க. எங்க போனீங்கன்னு நான் கேக்கல. அவங்களும் சொல்லல."

இப்போது மறுபடியும் தேர்தல் பேச்சு கிளம்பியிருக்கிறது. எனக்கும் ஆணை வந்துவிட்டது, அதே தெருக்களுக்கு. வேறு பகுதி கேட்டு எழுதிக் கொடுத்தேன். "தெரு தெரிஞ்சவங்கதான் போகணும் டீச்சர்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதிய வரைவுப் பட்டியல் இரண்டு நாளாக மேசை மேல் கிடக்கிறது. இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை. நாளைக்குத் தெருவின் அந்தக் கோடியிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன். அந்த வீடு கடைசியில் வரும்.