சுரைக்காயில் இல்லாத சனிக்கிழமை

அம்மா கல்யாணங்களைப் படம் எடுப்பவர். இருபத்தேழு வருடத்தில் ஆயிரத்து நாற்பத்தொரு கல்யாணம். ஒன்றுக்கும் தாமதமாகப் போனதில்லை. ஒன்றையும் மறந்ததில்லை. அவர் இறந்த பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை காலையில், அவர் ஒப்புக்கொண்டிருந்த ஒரு கல்யாணத்தை நான் தொலைத்துவிட்டது தெரியவந்தது. அது வரும் சனிக்கிழமை.

முதலில் அம்மாவைப் பற்றி.

பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடை ஒன்றில், படங்களை வெட்டி உறையில் போடும் வேலைக்குத்தான் சேர்ந்தார். கடைக்காரருக்கு மூட்டுவலி. ஒரு கல்யாணம் நான்காம் மாடியில் வைத்திருந்தார்கள், லிப்ட் இல்லை. "நீ போய்ட்டு வாம்மா, பொத்தானை அமுக்கினா போதும்" என்று கேமராவை அம்மாவின் கழுத்தில் மாட்டி அனுப்பினார். அன்று எடுத்ததில் பாதி இருட்டு. மீதிப் பாதியில் ஒருவர்கூட விறைப்பாக நிற்கவில்லை. கடைக்காரர் காரணம் கேட்டபோது, "நான் எல்லாரையும் முறை சொல்லிக் கூப்பிட்டேன்" என்றாராம். அடுத்த மாதத்திலிருந்து மாடி இல்லாத கல்யாணங்களுக்கும் அவரே போனார்.

முறை சொல்லிக் கூப்பிட, முறை தெரிய வேண்டும். அதற்காக அம்மா அட்டைகள் வைத்திருந்தார். கெட்டுப்போன பிரிண்டுகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, வெள்ளையான பின்பக்கத்தில் எழுதுவார். திருப்பினால் ஒரு முழங்கை தெரியும், அல்லது பாதி மணப்பெண், அல்லது யாருடையதென்று தெரியாத ஒரு சிரிப்பு. கல்யாணத்துக்கு ஓர் அட்டை. எத்தனை மணிக்கு எங்கே, யார் யாருக்கு என்ன வேண்டும், யாருக்குக் காது கேட்காது, யார் அழுவார். பெயர் மட்டும் இருக்காது. "பல் டாக்டர் மருமகள்", "வளைந்த மாடிப்படி வீடு", "சிரிக்காத மாப்பிள்ளை" என்றுதான் இருக்கும்.

"பேர் எழுதலையேம்மா" என்று ஒருமுறை கேட்டேன்.

"கல்யாணத்தன்னிக்கு யாருடி பேர் சொல்லிக் கூப்பிடறாங்க?"

அட்டைகள், நூலகம் ஒன்று கழித்துப்போட்ட மர இழுப்பறையில் தேதி வரிசையில் நிற்கும். நாலு வாரத்துக்குள் வரப்போகிறவை மட்டும் சமையலறை ஜன்னலுக்குக் குறுக்கே கட்டிய கம்பிக்கு வரும். சிவப்புத் துணிக்கிளிப்பில் தொங்கும். அடுப்பில் பால் பொங்குவதற்குள் அம்மா அடுத்த மாதத்தைப் பார்த்துமுடித்துவிடுவார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிப்பவள். ஒரே ஆள் இரண்டுமுறை பதிவாகியிருந்தால் கண்டுபிடித்து ஒன்றாக்குவது என் வேலை. போன வருடம் அம்மாவுக்கு ஒரு டேப்லெட் வாங்கி, நானே ஒரு செயலி எழுதிக் கொடுத்தேன். அட்டைகளையெல்லாம் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து ஏற்றினேன். அம்மா அதற்குச் சுரைக்காய் என்று பெயர் வைத்தார். ஏட்டுச் சுரைக்காய்.

"சுரைக்காய் என்ன சொல்லுது?" என்பார் தினமும். நான் வாசிப்பேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி தலையாட்டுவார்.

அம்மாவின் இதயம் ஒரு வெள்ளிக்கிழமை, மேசையில் பேட்டரிகளைச் சார்ஜுக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது நின்றது. முன்கூட்டி ஒப்புக்கொண்ட கல்யாணங்கள் மிச்சமிருந்தன. பத்தொன்பது வருடமாக அம்மாவோடு இரண்டாவது கேமராவைத் தூக்கிப் போனவர் ஸ்டாண்டு மாமா. ஒல்லி, நெட்டை, கால் மூன்று இல்லாததுதான் குறை என்று அம்மா வைத்த பெயர். "தேதியை மட்டும் நீ சொல்லு பாப்பா, நான் போறேன்" என்றார். சுரைக்காயிலிருந்து பட்டியல் எடுத்து அவருக்கு அனுப்பினேன். அதில் முதல் கல்யாணத்தை ஏழாம் நாள் எடுத்துவிட்டும் வந்தார்.

புதன்கிழமைக்கு வருகிறேன். துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். ஈரத் துண்டுகள் சிவப்பு கிளிப்பில் தொங்கின. நாலு கிளிப்பு.

சித்தி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அம்மாவின் தங்கை. பத்து நாளாக எங்கள் வீட்டைத் துடைத்தே துக்கத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார். "கம்பியில ஏதோ அட்டை தொங்கிட்டிருந்துச்சு. அதையெல்லாம் டிராயர்ல போட்டு ஜன்னலைக் கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன். பாத்தியா?"

"ஜன்னல் கண்ணாடிதானே சித்தி."

"வாய் மட்டும் அப்படியே உங்கம்மா."

நாலு கிளிப்பு என்றால் நாலு அட்டை. சுரைக்காயில், அம்மா போன நாளிலிருந்து நாலு வாரத்துக்கு மூன்று கல்யாணம்தான். இழுப்பறையைத் திறந்து தேடினேன். ஐந்து நிமிடத்தில் கிடைத்தது.

"பேக்கரி மூத்தவள். சனி. 9 வீடு. 11 பதிவு அலுவலகம். 12 மண்டபம்."

மூன்று வாரம் தள்ளி இன்னோர் அட்டை: "பேக்கரி இளையவள்."

இளையவள் சுரைக்காயில் இருந்தாள். மூத்தவள் இல்லை. இரண்டு பேருக்கும் தொடர்பு எண் அவர்களுடைய பேக்கரிக்கார அப்பாவுடையது. ஒரே எண், ஒரே முகவரி. இரண்டு மாதத்துக்கு முன் நான் ஓட்டிய சுத்தம் செய்யும் நிரல் இருவரையும் ஓர் ஆள் என்று முடிவுசெய்து, பிந்திய தேதியை வைத்துக்கொண்டு முந்தியதை அழித்திருந்தது. என் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தேன். அதுதான் தப்பு.

ஸ்டாண்டு மாமாவுக்குப் போன் செய்தேன்.

"சனிக்கிழமை உங்களுக்கு என்ன வேலை மாமா?"

"சும்மாதானே இருக்கோம்னு மாமியார் வீட்டுக்கு வர்றதா சொல்லிட்டேன். ஏன்?"

சொன்னேன்.

"அக்கா போயும் என்னைக் காப்பாத்திட்டாங்க" என்றார். "மாமியார்கிட்ட நீயே பேசிடு. துக்கத்துல இருக்கிற பொண்ணு சொன்னா தட்டமாட்டாங்க."

அது எளிது. பேக்கரிக்காரரிடம் பேசுவதுதான் கடினம். அவர் வேறு யாரையாவது ஏற்பாடு செய்திருந்தால், அம்மா கொடுத்த வாக்கு முதல்முறையாகத் தவறிப்போனது, என்னால். எண்ணை இரண்டுமுறை அழுத்தி நிறுத்தி, மூன்றாவது முறை மணி அடிக்க விட்டேன்.

"சொல்லும்மா" என்றார். அடக்கத்துக்கு ரொட்டி எடுத்து வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனவர்.

"சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்துடுவோம். உறுதிப்படுத்த முன்னாடியே கூப்பிட்டிருக்கணும்."

அவர் மூச்சு விட்டது கேட்டது. "வருவீங்களான்னு வீட்டுல தினம் கேட்டுட்டிருக்காங்கம்மா."

"நீங்க ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"எப்படிம்மா பண்றது? அம்மாவைப் பறிகொடுத்த பொண்ணுகிட்ட, என் பொண்ணு கல்யாணத்துக்கு யார் வர்றீங்கன்னு கேக்க வாய் வருமா?"

"வேற யாரையும் பாக்கலையா?"

"மச்சான் பையன் செல்போன்ல எடுக்கிறேன்னான். அவன் எடுத்தா எல்லாருக்கும் கழுத்து வரைக்கும்தான் கல்யாணம் நடக்கும்."

என் தப்பைச் சொன்னேன். இரண்டு மகள்களையும் ஒருத்தி என்று எடுத்துக்கொண்டதை. அவர் சிரித்தார். "எங்க வீட்டுலயே அப்படித்தான். மூத்தவளைத் திட்டினா இளையவ அழுவா."

சனிக்கிழமை நானும் போனேன். கேமராவோடு அல்ல, அட்டையோடு. அதன் கீழ்ப்பாதியில் அம்மா நுணுக்கி எழுதியிருந்தார்:

"அப்பா கோட்டில் மாவு இருக்கும். தோளைத் துடை. பெரியப்பா இரண்டு பேர், பதினோரு வருடமாகப் பேச்சில்லை. ஒரே படம், இரண்டு முனை, நடுவில் அத்தை. 'பெரியப்பா' என்று கூப்பிடாதே."

மாவு இருந்தது. துடைத்தேன். பதிவு அலுவலகத்தில் மணப்பெண் கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை. பதிவாளர் மூன்று பேனாக்களை உதறினார். அந்தச் சிரிப்பை ஸ்டாண்டு மாமா எடுத்துவிட்டார். எல்லாம் ஒழுங்காகப் போனது. மண்டபத்தில் குடும்பப் படத்துக்கு ஆட்களைச் சேர்க்கும்போது, முப்பது பேர் ஒரே நேரத்தில் பேச, அட்டையின் கடைசி வரி எனக்கு மறந்துபோனது.

"பெரியப்பா, வாங்க" என்று கூப்பிட்டேன்.

ஒருவரும் அசையவில்லை. ஒருவர் ஜன்னலோர நாற்காலியில், ஒருவர் கதவோர நாற்காலியில். என்னை இல்லை, அவனைத்தான் என்று இரண்டு பேர் முகத்திலும் எழுதியிருந்தது. மறுபடி கூப்பிட்டேன். கதவோரம் இருந்தவர் கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தார்.

"அட்டையைப் பாரு" என்றார் ஸ்டாண்டு மாமா, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பார்த்தேன். அத்தையிடம் போனேன். பச்சைப் புடவை, கையில் கேக் தட்டு. விஷயத்தைச் சொன்னதும் தட்டை என்னிடம் நீட்டினார்.

"அண்ணா, ரெண்டு பேரும் எந்திரிங்க" என்றார், மண்டபம் முழுக்கக் கேட்க. "படம் எடுத்ததும் சண்டையை விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். நான் அடையாளம் வெச்சுக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேரும் எழுந்தார்கள். ஒரே வேகத்தில், யாரும் முந்தாமல். ஆளுக்கொரு முனை. நடுவில் அத்தை. ஸ்டாண்டு மாமா ஆறு படம் எடுத்தார். எதிலும் யாரும் விறைப்பாக இல்லை.

கிளம்பும்போது பேக்கரிக்காரர் வாசல்வரை வந்தார். கோட்டில் மறுபடி மாவு, எங்கிருந்து வந்ததோ. "இளையவளுக்கும் நீங்கதானே?"

"நாங்கதான். அட்டை இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் சுரைக்காயிலிருந்து அந்த நிரலை நீக்கினேன். பிறகு துணிக்கொடியிலிருந்து நாலு கிளிப்பையும் கழற்றிக்கொண்டு வந்தேன். சித்தி பார்த்துக்கொண்டே இருந்தார். கம்பியை மட்டும் ஒருமுறை துடைத்துக் கொடுத்தார்.

கல்யாணம் முடிந்ததும் அம்மா அட்டையின் அடியில் ஒரு வரி சேர்ப்பார். அதே குடும்பத்தின் அடுத்த கல்யாணத்துக்கு ஆகும் என்பார். மூத்தவளின் அட்டையில் விரல்கடை அளவு இடம் இருந்தது. எழுதினேன்: "சாப்பாட்டின்போது பெரியப்பாக்கள் ஒரே மேசை. பேசவில்லை. சின்னவர் தண்ணீர் ஊற்றினார், பெரியவர் குடித்தார்."

இளையவளின் அட்டையை எடுத்தேன். அதிலும் அம்மா "நடுவில் அத்தை" என்று எழுதியிருந்தார். அதை அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, சிவப்பு கிளிப்பில் மாட்டினேன்.