டெண்ட் நாமே அடித்தால் பாதி விலை

என் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் நாற்பது நாள் லீவில் வருவார். அந்த நாற்பது நாளில் எனக்கென்று நாலு மணி நேரம் கிடைத்திருந்தால் நான் டெண்டைத் தேடிக்கொண்டு போயிருக்கவே மாட்டேன்.

ஆந்திர எல்லையில், சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் இரண்டு அறை, ஒரு கூடம். ஒரு அறையில் அத்தை, இன்னொன்றில் கொழுந்தனார் குடும்பம், கூடத்தில் நானும் என் இரண்டு பெண்களும். அவர் வந்து இறங்கிவிட்டால் கூடம் பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிடும். சோப்பு கேட்டு ஒருத்தர், சென்ட் கேட்டு ஒருத்தர், தம்பிக்கு ஏதாவது வேலை பார்க்கச் சொல்லி ஒருத்தர். நடுவில் மொட்டை, காதுகுத்து, குலசாமி. புருஷனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று கிசுகிசுக்க வேண்டும். அதற்குள் அத்தை உள்ளே இருந்து இருமுவாள்.

நான் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஃபேமிலி விசா வருமா, வராதா?

அங்கே ஒரு ஆபீசில் டிரைவர் என்று சொல்லியிருந்தார். வெள்ளைக் காரில் சாய்ந்தபடி ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். அத்தை அதைப் பெரிதாகப் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். "அடுத்த வருஷம் உன்னியும் பசங்களையும் கூட்டிக்கினு பூட்றேன் மே" என்பார். இதை ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பொங்கலுக்குக்கூட வந்தவரில்லை. எங்கள் ஊரிலிருந்து குவைத் போன மற்ற டிரைவர்கள் எல்லாம் பொங்கலுக்கு வந்து காளைக்குக் கொம்பில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். இவருக்கு மட்டும் லீவு எப்போதும் வெயிலிலோ மழையிலோதான். கேட்டால், முதலாளி அப்போதுதான் விடுகிறார் என்பார்.

இதற்கிடையில் எங்கள் பக்கம் கம்பெனிகள் வரிசையாக வந்துவிட்டன. நெல் விளைந்த இடத்தில் கம்பி வேலி, விடிவதற்குள் ஊருக்குள் கம்பெனி பஸ். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. விசா வரப்போகிறது, வேண்டாம் என்றார். மடச்சி மாதிரி விட்டேன். இந்தத் தடவை செல்ஃபோன் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் தேர்வாகி, திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். எனக்கு அது முடிய இரண்டே மாதம் இருந்தது. அவர் பழைய பாட்டையே பாடினார்: "சேந்துட்டு ஒரு மாசத்துல நின்னா காறித் துப்புவாங்க. கொஞ்சம் பொறு மே." முகத்தைப் பார்த்துக் கேட்டாலொழிய எனக்கு விடை கிடைக்காது என்று தெரிந்தது. அதற்கு அத்தை இருமாத ஒரு இடம் வேண்டும்.

அந்த நேரத்தில் பெரியவள் பள்ளியிலிருந்து ஒரு கதையோடு வந்தாள். அவள் வகுப்பில் ஒரு கம்பெனி ஆபீசரின் மகள் படித்தாள். அவர்கள் குடும்பத்தோடு டெண்டில் தங்கிவிட்டு வந்தார்களாம். "நாமளும் போலாம்மா" என்றாள். "வூட்ட வுட்டுட்டு துணிக்குள்ள போயி படுக்கறதுக்கு எவனாச்சும் பணம் குடுப்பானாடி?" என்று சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் புத்தி வந்தது. டெண்டில் நாலு பேருக்குத்தான் இடம். கொழுந்தனார் நுழைய முடியாது, அத்தை நுழையவே மாட்டாள்.

அன்றிலிருந்து ஃபோனும் கையுமாகத் திரிந்தேன். முதலில் ஒரு அருவிப் பக்கம். தலைக்கு இவ்வளவு என்றான். பாட்டு, நெருப்பு, கோழி எல்லாம் சேர்த்தாம். சின்னவளுக்கு அரை டிக்கெட் உண்டா என்றேன். "துன்றதுல அரையா துன்னும்?" என்று கேட்டான். வைத்துவிட்டேன். அடுத்து மலையடிவாரத்தில் ஒரு பண்ணை வீடு. தெலுங்கில் அக்கா, அக்கா என்று உருகியவன், எந்தக் காரில் வருகிறீர்கள் என்று கேட்டான். பஸ்ஸில் வருவோம் என்றேன். எல்லா டெண்டும் புக் ஆகிவிட்டது அக்கா என்றான், அதே நிமிஷத்தில். மூன்றாவது இடம் காட்டை ஒட்டியது, விலை பரவாயில்லை. ஆனால் நான் சின்னவளைத் தமிழில் அதட்டியது அவன் காதில் விழுந்துவிட்டது. "தமிழா? உங்க வீட்டுக்காரர் என்ன வேலை? தமிழ்க்காரங்க காட்டோரம் ராத்திரி தங்கினா, செம்மரம் வெட்ட வந்தாங்களான்னு எனக்குத் தலைவலி வரும்மா" என்றான். என் புருஷன் குவைத்தில் டிரைவர், உன் காட்டு மரம் அவருக்கு எதற்கு என்று கத்தினேன். நான் சொன்ன இந்தத் திமிரான பதிலை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் ரேணிகுண்டா தாண்டி, ஏரிக்கரையில் ஒரு மாந்தோப்பு கிடைத்தது. மாம்பழத்துக்கு விலை இல்லாமல் போனதால் தோப்புக்காரர் மரத்தடியில் டெண்ட் போட ஆரம்பித்திருந்தார். காலேஜ் வாத்தியார் மாதிரி நிதானமாகப் பேசினார். "வேலைக்கு ஆள் கிடைக்கறதில்லம்மா. டெண்ட நீங்களே அடிச்சிக்கணும், சமையலும் உங்களதுதான். அதனால பாதி விலை." பஸ்ஸில் வருவதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே சரி என்றேன். நாலு நாள் மண்டை காய்ந்து இதைப் பிடித்த என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் முகம் ஒரு மாதிரி போயிற்று. "டெண்டா? எதுக்கு மே? லாட்ஜில போடு" என்றார். செலவுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து விலையைச் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து வெளியே போனார். அத்தையிடம் திருப்பதிக்கு என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை அரிசி, பருப்பு, ஒரு சட்டி, ஒரு போர்வை மூட்டையோடு இரண்டு பஸ் மாறிப் போனோம்.

தோப்புக்காரர் ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே துணி, குச்சி, கயிறு, ஆணிகள், படம் போட்ட ஒரு காகிதம். நானும் பெண்களும் காகிதத்தை இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்தோம். "எனக்கின்னா தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் மரத்தில் சாய்ந்து நின்றார். ஒரு பக்கம் நிமிர்த்தினால் மறுபக்கம் படுத்தது. சின்னவள் துணிக்குள் சிக்கிக்கொண்டு கத்தினாள், பெரியவள் சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போது ஏரியிலிருந்து ஒரு காற்று வந்து மொத்தத்தையும் புரட்டிப் போட்டது.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. "தள்ளு" என்று வந்தார். ஒரு பிடி மண்ணை எடுத்து மெல்ல உதிர்த்துக் காற்று எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்தார். டெண்டின் வாசலை எதிர்ப்பக்கம் திருப்பினார். ஆணிகளைச் சாய்த்து வைத்து ஒவ்வொன்றையும் கல்லால் மூன்றே அடி அடித்தார். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டு, விரலால் சுண்டிப் பார்த்தார். மழை வந்தால் தண்ணீர் ஓட, சுற்றி ஒரு சாண் வாய்க்கால் கீறினார். நான் அடுப்பு பற்றவைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காகிதத்தை அவர் தொடவே இல்லை.

"நைனா, சூப்பர்!" என்று சின்னவள் குதித்தாள். நான் அந்தக் காகிதத்தையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தேன்.

பக்கத்தில் காரில் வந்த ஒரு குடும்பம். அந்த மனுஷரும் டெண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடாமலேயே என் வீட்டுக்காரர் போனார். அதையும் அடித்தார், அவர்கள் பெட்டிகளைத் தூக்கி உள்ளே வைத்தார், செருப்புகளை வாசலில் ஜோடி ஜோடியாக அடுக்கினார். அந்த மனுஷர் தோப்பு ஆள் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். என் புருஷன் வாங்கினார். வலது கையை நெஞ்சில் வைத்து, தலை குனிந்து, இரண்டு அடி பின்னாலேயே நடந்து, அப்புறம்தான் திரும்பினார்.

திரும்பியபோது நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

பெரியவள் கேட்டாள்: "நைனா, நீ டிரைவர்தான?" அவர் நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சுள்ளி பொறுக்கினு வரேன்" என்று போய்விட்டார்.

ராத்திரி சோற்றை வடித்து இறக்கினேன். அவரோ எங்களுக்குத் தட்டு வைத்து, தண்ணீர் ஊற்றி, சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். "உக்காரு மாமா" என்றேன். கேட்கவில்லை. "உக்காருன்னு சொல்றேன்ல!" என்று நான் கத்தியதில் பக்கத்து டெண்டே திரும்பிப் பார்த்தது. பாயில் உட்காராமல் பாய்க்கு வெளியே மண்ணில் உட்கார்ந்தார்.

விடிந்து கண் திறந்தபோது டெண்டுக்குள் நாங்கள் மூன்று பேர்தான். அவருக்கு விரித்த போர்வை மடிப்புக்கூடக் கலையவில்லை. வெளியே அடுப்புப் பக்கத்தில் குந்தியிருந்தார். டீ தயாராக இருந்தது. டம்ளர்களின் மேல் தூசி விழாமல் தட்டு கவிழ்த்திருந்தார்.

"உள்ள ஏன் படுக்கல?"

"டெண்ட்டுக்குள்ள எனக்குத் தூக்கம் வராது மே. அங்க நம்ம உள்ள படுக்கறதில்ல."

அப்புறம் தானாகவே சொன்னார். குளிர் காலம் வந்தால் அங்கே குடும்பம் குடும்பமாகப் பாலைவனத்தில் போய் டெண்ட் போட்டுத் தங்குவார்களாம். நாலைந்து மாதம். டெண்ட் அடிப்பது, சமைப்பது, காவல் இருப்பது இவர் வேலை. மற்ற மாதங்களில் வீட்டு வேலை.

"அந்தக் காரு?"

"கழுவற காரு."

அதனால்தான் பொங்கலுக்கு வந்ததில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்: "ஃபேமிலி விசா?"

"இந்த வேலைக்கு அது கிடையாது. என்னிக்கும் கிடையாது."

"தெரிஞ்சிக்கினேவா சொன்ன?"

"நீ கேட்டுக்கினே இருந்த. நான் சொல்லிக்கினே இருந்தேன்."

எனக்கு வந்த கோபத்தை இப்போதும் சரியாகச் சொல்ல வரவில்லை. செருப்பு அடுக்கியது எனக்கு அசிங்கமே இல்லை. என் அம்மா ஊரான் நிலத்தில் நாற்று நட்டுத்தான் என்னை வளர்த்தாள். ஆனால் ஏழு வருஷம் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார். கையில் வந்த ஒரு வேலையை விட்டுவிட்டு, இல்லாத ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன் நான். "பாவி, உண்மையச் சொல்லியிருந்தா நான் என் பொழப்பப் பாத்திருப்பேனே" என்று அழுதேன். அவர் என் டம்ளரை எடுத்து, ஆறிப்போன டீயைக் கீழே கொட்டிவிட்டு வேறு டீ ஊற்றி வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

கிளம்பும்போது தோப்புக்காரர் வந்தார். இரண்டு டெண்டையும் சுற்றிப் பார்த்து, கயிற்றைச் சுண்டிப் பார்த்தார். "இந்தக் கை எனக்கு வேணும்பா. தங்க ரூம் இருக்கு. வாராவாரம் ஊருக்குப் போய்ட்டு வா" என்று சம்பளமும் சொன்னார். அங்கே வாங்குவதை விடக் குறைவுதான், ஆனால் கேவலமில்லை. அந்தக் கோபத்திலும் என் மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. நான் வேலைக்குப் போனால் இரண்டும் சேர்ந்து போதும். சரி என்று சொல், மாமா, என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

"யோசிச்சி சொல்றேங்க" என்றார். பஸ்ஸுக்கு நடக்கும்போது என்னிடம் சொன்னார்: "திருப்பதிக்கு வர்ற நம்ம ஜனம் அத்தினி பேரும் இந்தப் பக்கந்தான் போறாங்க. எவனாச்சும் ஒருத்தன் பாத்துட்டா? அங்கன்னா யாரும் பாக்கறதில்ல மே."

நான் சின்னவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். பஸ்ஸில் பெண்கள் இரண்டு பேரும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

வீட்டு வாசலில் கால் வைத்ததும் அத்தை எப்போதும் கேட்கிறதைக் கேட்டாள். "சாமி தரிசனம் ஆச்சா? விசா இன்னா ஆச்சி, எப்பதான் கூட்டிக்கினு போறான்?" கொழுந்தனார் எட்டிப் பார்த்தார். அவர் மனைவி அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். சுவரில் வெள்ளைக் கார். என் வீட்டுக்காரர் மூட்டையைக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்தார். பெரியவளும் என்னைத்தான் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் வந்துடும் அத்த" என்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை. விடியற்காலையில் சோற்றைக் கட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அத்தை வழியில் வந்து நின்றாள். "விசா வரப்போவுதுன்னியே, அப்பறம் எதுக்குடி கம்பெனிக்குப் போற?"

"வர்ற வரிக்கும் அத்த" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஒன்பது வருஷமாகிறது. அதே பஸ்ஸில்தான் போய்வருகிறேன். அவர் இன்னும் குவைத்தில்தான்; இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மழைக்கு இங்கே வந்து, குளிர் காலத்துக்குள் திரும்பிவிடுகிறார். அத்தை இன்னும் கேட்கிறாள், நானும் சொல்கிறேன்.