ஜீவராணி முகத்துக்குப் பூசியது

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பாதைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டு லயத்துக்கு ஜீவராணி வாழ்க்கைப்பட்டு வந்தபோது, அவளுடைய கல்யாணப் படத்தைப் பார்த்தவர்கள் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் படத்தைப் பார்த்தார்கள். ஸ்டூடியோக்காரர் அவளது கன்னத்தைத் துடைத்து வழவழப்பாக்கியிருந்தார். நேரில் அந்தக் கன்னம் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே பருவும் தழும்புமாக, தொட்டால் வலிக்கிற கன்னமாக இருந்தது.

அவள் ஒன்றும் மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறவள் அல்ல. நல்ல வாயாடி. மலையில் கொழுந்தெடுக்கும்போது அவளுக்குப் பக்கத்து நிரையைப் பிடிக்கப் பெண்களுக்குள் போட்டியே நடக்கும். ஆனால் கோயில் திருவிழா, பூப்புனித நீராட்டு விழா என்று யாராவது கைபேசியைத் தூக்கினால் போதும், எவளாவது ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள். கணவன் லோஜன் நோர்வூட்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். அவளுடைய முகத்தைப் பற்றி அவன் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. அவன் சொல்லாமல் இருப்பதே அவளுக்கு ஒரு பேச்சாகக் கேட்கும்.

முதலில் அவள் பூசியது டாக்டர் கொடுத்த மருந்தல்ல. டவுனில் அழகுசாமான் விற்கிற ஒரு கடையில், என்ன கலந்தது என்று எங்கேயும் எழுதாத சின்ன டப்பா ஒன்றை வாங்கினாள். பூசிய சில நாளிலேயே முகம் பளபளத்தது. மலையில் எல்லோரும் என்ன பூசினாய் என்று கேட்டார்கள். டப்பா தீர்ந்து, மறு டப்பா கிடைக்காமல் போன வாரத்தில் முகம் முழுக்கக் கொப்பளித்துச் சீழ் கோத்துக்கொண்டது. தலையணையில் கன்னம் வைக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குப் போனாள்.

டாக்டர் சிங்களவர். பொறுமையான மனிதர்தான். ஆனால் வெளியே வாங்குப் பலகை நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். முகத்தை லைட் பிடித்துப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். கடை மருந்தை இனித் தொடக்கூடாது. இந்தக் கிறீமை இரவில் மட்டும், ஒரு பட்டாணி அளவு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூச வேண்டும். முதலில் தோல் உரியும், பரு கூடும், பயப்படக்கூடாது. வெயிலில் போகக்கூடாது.

வெயிலில் போகக்கூடாது என்றதும் ஜீவராணிக்குச் சிரிப்பு வந்தது. பொழுதுக்கும் மலையில் நிற்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது? அந்தச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் டாக்டர் கடைசியாக ஒன்று கேட்டார்.

"லமயெக் ஹதன்ன இன்னவாத?"

லமயெக் என்றால் பிள்ளை. இன்னவாத என்றால் இருக்கிறதா. நடுவில் இருந்த சொல் அவள் காதில் நிற்கவில்லை. கல்யாணமாகி நாலு வருஷமாக மலையிலும் பஸ்ஸிலும் கோயிலிலும் எல்லோரும் கேட்கிற அதே கேள்வி, இங்கே சிங்களத்தில் வருகிறது என்றுதான் நினைத்தாள். முகம் சுண்டிப்போய், "நே" என்றாள். இல்லை. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு மருந்துச் சீட்டை எழுதினார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் லேசானவை அல்ல. வாயோரத்திலும் மூக்கோரத்திலும் தோல் வெங்காயச் சருகு போல உரிந்தது. தண்ணீர் பட்டால் எரிந்தது. உள்ளே கிடந்த பருக்களெல்லாம் ஒன்றாக மேலே வந்தன. முகத்தில் ஒரு பழைய சேலைத் துண்டை இறுகக் கட்டி, அதன்மேல் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு மலைக்குப் போனாள். மூச்சு முட்டும். வியர்வை துணிக்குள் இறங்கித் தோலைக் கடிக்கும்.

மாமியார் நாகலெட்சுமி தேத்தண்ணிக் கோப்பையை நீட்டும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தாள். "நெருப்புல வாட்டுன மாதிரி இருக்கு மூஞ்சி. அந்த மருந்தத் தூக்கி வீசிட்டு மஞ்சளப் பூசு."

"டொக்டரு அப்பிடித்தான் ஆகும்னாரு மாமி."

"டொக்டரா வந்து ஒன்னப் பாத்துக்கிட்டு இருக்காரு?"

ஜீவராணி விடவில்லை. மூன்றாம் மாதம் போனபோது, ஒரு காலையில் முகம் கழுவிய கை கன்னத்தில் எதிலும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மறுபடியும் தடவிப் பார்த்தாள். தழும்பு இருந்தது, பரு இல்லை. அந்த மாதம் வந்த ஒரு கல்யாண வீட்டுக்கு, யாரும் வற்புறுத்தாமலே சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டாள். லோஜன் ஆட்டோக் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில், வளைவில் எதிரே வந்த பஸ்காரன் ஹோர்னை அழுத்தித் திட்டினான்.

ட்யூப் தீர்கிற நேரத்தில் நாளும் தள்ளிப்போயிருந்தது. முன்பும் அப்படித் தள்ளிப்போய் ஏமாந்ததுண்டு. அதனால் யாரிடமும் மூச்சுக் காட்டாமல், சம்பள நாளுக்கு மறுநாள் ஹட்டனுக்குப் போனாள். கமறியா என்ற முஸ்லிம் பெண் நடத்துகிற பார்மசி அது. பெண்கள் கூச்சப்படாமல் பேசலாம் என்று அங்கேதான் போவாள். மருந்துச் சீட்டை நீட்டி, குரலைத் தாழ்த்தி, "அக்கா, இந்தக் கிறீமு ஒன்னு, புள்ள தங்கியிருக்கான்னு பாக்குற குச்சி ஒன்னு" என்றாள்.

கிறீம் இருந்த தட்டுக்குப் போன கமறியாவின் கை நின்றது.

"ரெண்டும் உங்களுக்கா?"

"ஆமாக்கா."

"இது கர்ப்பமா ஈக்கிறவங்க பூசக்கூடாத மருந்தாச்சே. டொக்டர் கேக்கலையா?"

"புள்ள இருக்கான்னு கேட்டாரு. இல்லன்னேன்."

"என்ன சொல்லுல கேட்டாரு? அப்பிடியே சொல்லுங்க பாப்போம்."

ஜீவராணி நினைவைப் பிடித்து இழுத்து, "லமயெக்... ஹத... இன்னவாத" என்றாள்.

கமறியா மருந்துச் சீட்டை மேசையில் வைத்தாள். "ஹதன்ன இன்னவாதன்னா, புள்ள பெத்துக்கிற யோசன ஈக்குதான்னு கேக்குறது. நீங்க இல்லைன்னு செல்லிட்டீங்க."

கடைக்குப் பின்னால் ஒரு சிறிய கழிவறை இருந்தது. கமறியா அதன் சாவியைக் கொடுத்தாள். உள்ளே குண்டு பல்பின் வெளிச்சத்தில், ஜீவராணி அந்தக் குச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கோடு வந்தது. பிறகு, பக்கத்திலேயே, பென்சிலால் போட்டதுபோல இன்னொன்று. இந்த இரண்டாவது கோட்டுக்காக எத்தனை விரதம், எத்தனை நேர்த்தி. இன்றைக்கு அது வந்து நிற்கிறது. கன்னத்தைத் தொட்டாள். நேற்று இரவு பூசியது இன்னும் அங்கே இருப்பதுபோலச் சேலைத் தலைப்பால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

வெளியே வந்தவளைக் கமறியா உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "குளிசையா முழுங்கீந்தா வேற கத. அது பொல்லாதது. இது மேலால பூசுறது, ஒடம்புக்குள்ள போறது கொஞ்சம்தான்னு செல்றாங்க. ஆனா நான் டொக்டரில்ல. இன்டையோட நிப்பாட்டுங்க, நாளைக்கே தோட்டத்துல புள்ளத்தாச்சிகளப் பாக்குற மிஸ்ஸிக்கிட்ட செல்லுங்க. ஒளிச்சுடாதீங்க."

கிறீம் வாங்கத்தான் வந்தாள் என்று நினைத்த லோஜன் ஆட்டோவோடு பஸ் ஸ்டாண்டில் நின்றான். பாதி வழிவரை அவள் வாயைத் திறக்கவில்லை. வாயாடிக்குப் பேச்சு வராவிட்டால் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாதா? "என்னா ஜீவா?" என்று இரண்டு தரம் கேட்டான். டிக்கோயா தாண்டியதும், "ஓரமா நிப்பாட்டுங்க" என்றாள்.

முதலில் பிள்ளை என்றாள். அவன் முகம் மலர்ந்து முடியும் முன்பே மருந்து என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள், இடையில் அவன் சந்தோஷப்பட்டுவிடக்கூடாது என்பதுபோல. அவன் ஹேண்டிலைப் பிடித்தபடியே கீழே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் வந்த லொறி ஒன்று கடந்து போனது.

"புள்ளைக்கு என்னா ஆகும்?"

"தெரியலங்க."

"சரி. மிஸ்ஸிய பாப்போம்," என்றான். வண்டியைக் கிளப்பியவன் மறுபடியும் நிறுத்தினான். "அம்மாவுக்கு மருந்து விசயத்த இப்ப சொல்லாத."

பூரணி மிஸ்ஸி அந்தத் தோட்டப் பகுதிக்கே உரிய மருத்துவத் தாதி. லயத்தில் பிறந்து வளர்ந்தவள். எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, தானே கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னாள். தோலில் பூசியது இரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. இதனால் பிள்ளைக்குக் கெடுதல் வந்ததாக உறுதியான ஆதாரம் இல்லை. ஆனாலும் தெரிந்துகொண்டு பூசுவதில்லை. நிறுத்தியது நல்லது. காது, இருதயம் எல்லாம் ஸ்கேனில் பார்ப்பார்கள்.

"ஒன்னும் ஆகாதுதானே மிஸ்ஸி?"

"அநேகமா ஆகாது. சத்தியம் பண்ணச் சொன்னா எந்தப் புள்ளைக்கும் யாராலயும் பண்ண முடியாது ஜீவா."

அந்த 'அநேகமா'வை வைத்துக்கொண்டு அவள் மாதங்களைக் கடத்தினாள். கொழுந்துப் பையின் கயிறு தலையில் அழுத்தும்போது, கீழே ஓடையைத் தாண்டும்போது, வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுவைக்கிற பிள்ளைமடுவத்தில் அடுத்தவள் பிள்ளை சிரிக்கும்போது, அந்தச் சொல் வந்து நிற்கும். மருந்தை நிறுத்தியதும் பருக்கள் திரும்பி வந்தன, முன்னைவிட வேகமாக. அவள் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

மாமியாருக்கு மருந்து விஷயம் எட்டியது மிஸ்ஸியின் வாயாலேயே. வீடு பார்க்க வந்த பூரணி, இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து பேச்சுவாக்கில், "அந்தக் கிறீமு பக்கம் போறதில்லதானே?" என்று கேட்டுவிட்டாள். உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்த நாகலெட்சுமியின் கைச் சத்தம் நின்றது. மிஸ்ஸி படியிறங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"அதப் பூசினா புள்ளைக்கு ஆகாதா?"

ஜீவராணி தலையைக் குனிந்துகொண்டாள். அதுவே பதிலாகிவிட்டது.

"மூஞ்சியப் பாத்துக்கிட்டு வயித்த விட்டுட்டியே. கொறையோட ஒன்னு பொறந்தா யாரு தூக்கி வளக்குறது? ஒன் மூஞ்சியா வளக்கும்?"

"நாலு வருஷமா எம் மூஞ்சியையும் வயித்தையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு இருந்தது நீங்கதான் மாமி. நான் வேணும்னு செஞ்சேனா?" ஜீவராணியின் குரல் உயரவில்லை. "எம் புள்ளைக்குக் கொறைன்னா நான் வளக்கிறேன். நீங்க தொட வேணாம்."

அன்றிலிருந்து ஒற்றைக் காம்பரா அறைக்குள் இரண்டு பெண்களும் பாத்திரங்களோடு மட்டும் பேசினார்கள். லோஜன் நடுவில் நின்று திணறினான். ஆனால் ஜீவராணி சுமக்க வேண்டிய தண்ணீரை அவளுக்கு முன்பே யாரோ பிடித்து நிறைத்து வைத்தார்கள். யார் என்று அவள் கேட்கவில்லை.

ஸ்கேன் நாளில் லோஜன் வெளியே நின்றான். உள்ளே குளிர்ந்த பசையை வயிற்றில் தடவி, டாக்டரம்மா திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கருவியை ஓரிடத்தில் வைத்து அழுத்தினாள், எடுத்தாள், திரும்பவும் அதே இடத்தில் வைத்தாள். பிறகு பக்கத்தில் இருந்த தாதியிடம் சிங்களத்தில் வேகமாக ஏதோ சொன்னாள். தாதி ஜீவராணியின் முகத்தைப் பார்த்து, "ஹரித?" என்றாள். சரியா?

பழைய ஜீவராணி தலையாட்டியிருப்பாள். இவள் முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்தாள். "மட்ட தேருனே நே, மிஸ். தெமளென் கியன்ன." எனக்கு விளங்கவில்லை. தமிழில் சொல்லுங்கள்.

தாதி கதவைத் திறந்து யாரையோ கூப்பிட்டாள். வந்த தமிழ்ப் பெண் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "புள்ள கையால மூஞ்சிய மூடிக்கிட்டு இருக்காம். காத்த வாங்கி, கொஞ்சம் நடந்துட்டு வரட்டாம், மறுபடி பாக்கணுமாம்."

நடைபாதையில் அவள் நடந்தாள். லோஜன் கூடவே நடந்தான். மறுபடியும் படுத்தபோது பிள்ளை புரண்டிருந்தது. டாக்டரம்மா ஒவ்வொன்றாகச் சொல்ல, அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். இருதயம் சரி. உதடு சரி. காது இரண்டும் தெரிகிறது. பார்த்தமட்டில் குறை ஒன்றுமில்லை. ஜீவராணி படுத்தபடியே அழுதாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

பெண் பிள்ளை பிறந்தது. தனுஷிகா என்று பெயர் வைத்தார்கள். நாகலெட்சுமி ஆஸ்பத்திரிக்கு வந்து, பிள்ளையை வாங்கி, துணியை விலக்கி, விரல்களையும் காதுகளையும் பார்த்தாள். முன்பு சொன்ன சொல்லை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஜீவராணியும் தொட வேண்டாம் என்றதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் லயத்துக்கு வந்த முதல் நாளே வெந்நீர் போட்டுக் காலில் கிடத்திப் பிள்ளையைக் குளிப்பாட்டியது மாமியார்தான். ஜீவராணி பக்கத்தில் நின்று துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பால் கொடுக்கும்வரை வேறு ஏதாவது லேசான மருந்து தரலாம் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். அவள் இன்னும் போகவில்லை. பத்து மணிக்கு மலையிலிருந்து இறங்கிப் பிள்ளைமடுவத்துக்கு ஓடுகிறாள். தனுஷிகா பால் குடித்துக்கொண்டே அம்மாவின் கன்னத்தைக் கிள்ளுகிறாள், பருவில் நகம் பட்டு வலிக்கிறது. "விடுடி" என்கிறாள் ஜீவராணி. முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.